ஐந்தே ஐந்து தோட்டா

கிரேன் கிரீக், மொன்டானா
செப்டம்பர் 16, 2020

அன்புள்ள கர்ட்,

அப்பாவை அடக்கம் செய்த மறுநாள், வண்டியில் ஏறும்போது நீ சொன்னது எனக்கு இன்னும் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "எங்கிட்ட ஏதாச்சும் கேக்கணும்னா எழுதிக் கேளு, ரோண்டா. ஃபோன் பண்ணினா எடுக்க மாட்டேன்." மூன்று வருடமாக எதுவும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

லைலுக்கு ஜூனில் முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. மரம் அறுக்கும் மில்லையும் அதே மாதம் மூடிவிட்டார்கள். ஆகவே அவர் திரும்பிப் போக வேலை இல்லை, இருந்தாலும் போக முதுகு இல்லை. உறைபெட்டியில் இருந்த கடைசி இறைச்சிப் பொட்டலத்தை ஆகஸ்டில் எடுத்தேன். ஒரு எல்க் மான் கிடைத்தால் ஏப்ரல் வரை நானும் லைலும் எங்கள் பெண்கள் இருவரும் சாப்பிடலாம். சுடுவதற்கு அப்பாவின் ரைஃபிள் இருக்கிறது. அதில் போடத் தோட்டா இல்லை.

வெர்னின் கடைக்குப் போனேன்.

"தோட்டாவா? நீ எந்த வருஷத்துல இருக்க, ரோண்டா? நோய்ப் பயத்துல மார்ச்சுலயே வழிச்சுத் தொடச்சிட்டுப் போய்ட்டாங்க."

"ஒரு பெட்டிகூடவா இல்ல?"

"அந்த அலமாரியப் பாரு. எலிப்பொறி அடுக்கி வச்சிருக்கேன். அதுவாச்சும் விக்குது."

நேற்று கிரேட் ஃபால்ஸுக்கு வந்திருந்தேன். உன் தெருவுக்கு வரவில்லை. பெரிய கடையில் செவ்வாய்க்கிழமைதான் சரக்கு லாரி வரும், ஆளுக்கு ஒரு பெட்டி என்று கேள்விப்பட்டு, கடை திறப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். ஒன்பதாவது ஆளோடு தீர்ந்துவிட்டது. வெளியே ஒருவன் வண்டிக்குப் பின்னால் அதே பெட்டியை வைத்துக்கொண்டு தொண்ணூறு டாலர் என்றான். போன வருடம் அதன் விலை இருபத்துநான்கு. நான் நடக்க ஆரம்பித்ததும், "மேடம், அடுத்த வாரம் வந்தா நூறு!" என்று கத்தினான். நின்றவர்கள் சிரித்தார்கள்.

கொட்டகையிலிருந்து அப்பாவின் தோட்டா செய்யும் மேசையை நீ எடுத்துப் போனபோது, அவர் தன் கையால் அடைத்துவைத்த தோட்டாக்கள் மூன்று பெட்டி அதோடு போயின. பெட்டிக்கு ஐம்பது. நீ வேட்டைக்குப் போவதில்லை. ஒரு பெட்டி தருவாயா? கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இதைச் சொல்ல ஒரு பக்கம் முழுக்க எழுதிச் சுற்றிவந்தேன்.

ரோண்டா

---

கிரேட் ஃபால்ஸ்
செப்டம்பர் 25, 2020

ரோண்டா,

உன் கடிதம் பத்தொன்பதாம் தேதியே வந்துவிட்டது. ஆறு நாள் மேசையில் கிடக்கட்டும் என்று விட்டேன். மூன்று வருடம் காத்திருந்தவளுக்கு ஆறு நாள் ஒன்றுமில்லை.

"அப்பாவின் ரைஃபிள்" என்று எழுதியிருக்கிறாய். அது உன் ரைஃபிள். உயிலில் அப்படித்தான் இருந்தது. நிலம், வீடு, ரைஃபிள் மூன்றும் உனக்கு. "கர்ட்டுக்கு அவன் விரும்பும் புத்தகங்கள்" எனக்கு. அந்த வீட்டில் இருந்த புத்தகங்கள் எவை என்று உனக்குத் தெரியும்: பைபிள், டிராக்டர் கையேடு, விதைப் பட்டியல். வக்கீல் அந்த வரியைப் படித்தபோது லைல் இருமினான். அது இருமல் இல்லை, சிரிப்பு.

அந்த மேசையை எடுத்தது திருட்டு என்று ஊரில் சொன்னாய் என்று கேள்விப்பட்டேன். துப்பாக்கி அவளுக்கு என்றால் தோட்டாவாவது எனக்கு இருக்கட்டும் என்று எடுத்தேன். அதில் என்ன தவறு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

தோட்டாக்களைப் பற்றி: கராஜில் ஈரம் அதிகம். நிறைய கெட்டுவிட்டன. தேடிப் பார்க்கிறேன், வாக்குக் கொடுக்கவில்லை.

இந்தத் தட்டுப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இது தொழிற்சாலைகளால் மட்டும் வந்ததல்ல. பயந்தவன் ஒருவன் பத்துப் பெட்டி வாங்குகிறான். அதைப் பார்த்து அடுத்தவன் இருபது வாங்குகிறான். முப்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். பதுக்கலைப் பற்றித் தனியாக ஒரு பாடமே நடத்தியிருக்கிறேன். ஒரு மாணவனும் அதைக் கவனித்ததில்லை.

கர்ட்

---

கிரேன் கிரீக்
அக்டோபர் 2, 2020

கர்ட்,

திருட்டு என்று நான் சொல்லவில்லை. லைல் சொன்னார். நான் தடுக்கவில்லை. அதற்கு மன்னித்துக்கொள்.

ரைஃபிளை எனக்குக் கொடு என்று நான் அப்பாவைக் கேட்டதில்லை. நீ பதினாறு வயதில் வேட்டையை விட்டுவிட்டாய். அதன்பின் ஒவ்வொரு இலையுதிர்காலமும் அவரோடு மலை ஏறியது நான். அந்தப் பனியும், அவரோடு பேசாமல் நடக்கும் ஆறு மணி நேரமும் உனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். வேறு காரணம் இருந்தால் நீ சொன்னதில்லை.

அடுத்த வார ஞாயிறு, பதினொன்றாம் தேதி, ஊரில் எல்லாரும் சரளைக் குழிக்குப் போவார்கள். உனக்கு ஞாபகம் இருக்கும். அட்டைப்பெட்டியில் காகிதத் தட்டைக் குத்திவைத்து, ஆளுக்கு மூன்று குண்டு சுட்டு, குண்டு எங்கே படுகிறது என்று குறி பார்த்து, துப்பாக்கியின் மேலுள்ள ஸ்கோப் கண்ணாடியைத் திருத்திக்கொண்டு, பிறகு பியர் குடிப்பது. அதற்குள் கிடைத்தால் நல்லது. சீசன் இருபத்துநான்காம் தேதி ஆரம்பம்.

தோட்டா கொடுத்தவனுக்குப் பங்கு உண்டு என்பது நம் ஊர் வழக்கம். முதுகுத்தண்டை ஒட்டிய நல்ல சதை முழுவதும் உனக்கு. சுத்தம் செய்து, காகிதத்தில் சுற்றி நானே கொண்டுவந்து உன் வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன். நீ கதவைத் திறக்கவேண்டியதுகூட இல்லை.

ரோண்டா

---

கிரேட் ஃபால்ஸ்
அக்டோபர் 10, 2020

ரோண்டா,

தோட்டாவைத் தபாலில் அனுப்பக்கூடாது என்பது சட்டம். ஆகவே வெர்னுக்கு ஃபோன் செய்தேன். சரக்கு எடுக்க இன்று வந்தவன் என் கராஜில் வந்து வாங்கிக்கொள்கிறான். இந்தக் கடிதமும் அவன் கையில்தான்.

தேடியதில் நல்ல நிலையில் இருந்தவை ஐந்து. அவ்வளவுதான். மற்றவற்றைக் கேட்காதே.

ஐந்து உனக்குப் போதும். "நல்ல வேட்டக்காரனுக்கு ஒரு மானுக்கு ஒரு தோட்டா. ரெண்டாவது தேவப்பட்டா அவன் வீட்ல உக்காந்து பட்டாணி உரிக்கணும்" என்று அப்பா சாப்பாட்டு மேசையில் என்னைப் பார்த்துச் சொல்வார். நான் மூன்றாவது குண்டிலும் தவறவிட்டுவிட்டு அழுத அன்று ஆரம்பித்த நகைச்சுவை அது. பன்னிரண்டு வருடம் ஓடியது. நீயும் சிரிப்பாய். காரணம் கேட்டாயே, அதுதான் காரணம்.

முதுகுச்சதை முழுவதும் என்றாய். எழுத்தில் இருக்கிறது.

கர்ட்

---

கிரேன் கிரீக்
அக்டோபர் 19, 2020

அன்புள்ள கர்ட்,

வெர்ன் அந்தச் சின்னப் பொட்டலத்தைக் கல்லாவில் வைத்து, "இந்தா, உங்கண்ணன் தலைவலி மாத்திர குடுத்தனுப்பியிருக்கான். வேளைக்கு ஒண்ணு," என்றான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றி. உண்மையாகவே நன்றி.

நான் சிரித்தது உனக்கு அவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது பத்து வயது. அவர் சிரித்தால் நாங்களும் சிரிக்கவேண்டும் என்பதுதான் அந்த வீட்டின் சட்டம். இருந்தாலும் சிரித்தது சிரித்ததுதான்.

சரளைக் குழியில் இந்த வருடம் சத்தமே இல்லை. பதினோரு வண்டி வந்திருந்தது. எல்லாரும் பியர் குடித்தார்கள். சுட்டது மூன்று பேர் மட்டும். மற்றவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் துப்பாக்கியை வண்டியிலிருந்து எடுக்கவே இல்லை. குறி பார்க்க மூன்று போனால் மலைக்குக் கொண்டுபோக மிஞ்சுவது இரண்டு. லைல், "ரெண்டு பத்தாதா? நீதான் பெரிய ஆளாச்சே," என்றார். போன வருடம் சரியாக அடித்த துப்பாக்கிதானே, அடியும் படவில்லை, கீழேயும் விழவில்லை. அப்படியே போவதாக முடிவு செய்திருக்கிறேன். ஐந்தும் மலைக்கு.

ரோண்டா

---

கிரேட் ஃபால்ஸ்
அக்டோபர் 26, 2020

ரோண்டா,

அப்பாவின் செல்ல வேட்டைக்காரிக்குக் குறி பார்க்கவா வேண்டும்? மூன்றை வீணாக்காதது சாமர்த்தியம்தான்.

சதையைக் காகிதத்தில் இரண்டு சுற்றுச் சுற்று. ஒரு சுற்றுச் சுற்றினால் உறைபெட்டியில் காய்ந்து போகிறது.

கர்ட்

---

கிரேன் கிரீக்
நவம்பர் 11, 2020

கர்ட்,

உனக்குச் சதை வராது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எப்படி என்பதையும் சொல்லவேண்டும். யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை வடக்குச் சரிவில் ஒரு எல்க் கூட்டத்தைப் பார்த்தேன். பதினைந்து இருபது இருக்கும். ஒரு பெட்டை தனியாக, பக்கவாட்டில், அசையாமல் நின்றது. இருநூறு கஜத்துக்குக் கொஞ்சம் அதிகத் தூரம். துப்பாக்கியைக் கட்டையின் மேல் தாங்கி, மூச்சை விட்டு, தோளுக்குப் பின்னால் வைத்துச் சுட்டேன். வாழ்க்கையில் அதைவிட நிதானமாக நான் சுட்டதில்லை. அது விழவில்லை. முன்னங்கால் முழங்காலுக்கு மேலே முறிந்து தொங்கியது. மூன்று காலில் ஓடியது. இரண்டாவது குண்டு அதன் வயிற்றுக்குக் கீழே பனியைக் கிளப்பியது. அதற்குள் மரங்களுக்குள் போய்விட்டது.

அன்று முழுவதும் இரத்தத்தைத் தொடர்ந்து போனேன். ஞாயிற்றுக்கிழமையும் போனேன். இரண்டு இடத்தில் அது படுத்திருந்த குழி கிடைத்தது. பனியில் முறிந்த கால் இழுபட்ட கோடு கூடவே வந்தது. மூன்று மணிக்கு அந்தக் கோடு கம்பி வேலிக்கு அடியில் போய்விட்டது. அப்பால் இருப்பது இப்போது கலிஃபோர்னியாக்காரர் ஒருவரின் நிலம். வீட்டுக்குத் திரும்பி வந்து காவலாளியிடம் ஃபோனில் அனுமதி கேட்டேன். "மொதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன்மா. அவர் இப்ப கோல்ஃப் ஆடிட்டிருப்பார்," என்றான். திங்கள் மதியம் அனுமதி வந்தது. அதற்குள் எட்டு அங்குலம் பனி பெய்துவிட்டது. கோடும் இல்லை, இரத்தமும் இல்லை. இருட்டும்வரை நடந்தேன். காக்கைகள் எங்காவது வட்டமிடுமா என்று பார்த்தேன். அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் ஒரு மானுக்கு மட்டுமான என் வேட்டை அனுமதிச் சீட்டை எடுத்து, மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி, இனிச் செல்லாததாக்கினேன்.

லைல் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பண்ற நீ?"

"சீட்ட வெட்டுறேன்."

"மான் எங்க?"

"அங்க எங்கியோ செத்துக்கிட்டிருக்கு."

"கெடைக்காத மானுக்குச் சீட்ட வெட்டச் சொல்லிச் சட்டம் இருக்கா? இன்னும் மூணு தோட்டா இருக்கு. மூணு வாரம் இருக்கு. உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"அப்பா வெட்டுவார்."

"உங்கப்பாவுக்கு உறைபெட்டி நெறைய மாட்டிறைச்சி இருந்துது!"

அவர் சொன்னது சரி. இருந்தாலும் வெட்டியதை ஒட்டவா முடியும்? அந்தக் கால் தொங்கியதைப் பார்த்தது நான். காயப்படுத்தித் தொலைத்தவர் அதைத் தன் மானாகக் கணக்கு வைக்கவேண்டும், அந்த வருடம் அவ்வளவுதான் என்பது இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் எழுதிவைக்காத வழக்கம். நான் மற்றவர்களைப் பற்றி அப்படிப் பேசியிருக்கிறேன். ஆகவே எனக்கு வேறு வழி இல்லை.

மறுநாள் மாவு வாங்கப் போனேன். வெர்ன், "என்ன, ஆச்சா?" என்றான். "சீட்ட வெட்டிட்டேன்," என்றேன். "அடி சக்க! அப்ப சாசேஜுக்கு எப்ப வரட்டும்?" என்றான். சீட்டை வெட்டினால் மான் கிடைத்துவிட்டது என்றுதான் அர்த்தம். நான் மாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது ஊர் முழுக்க எனக்கு மான் கிடைத்ததாகப் பேச்சு. பள்ளியில் ஒரு டீச்சர் பெண்களை வாழ்த்தியிருக்கிறார்.

எங்கே தப்பு நடந்தது என்று தெரியவில்லை. கை நடுங்கவில்லை. சரளைக் குழியில் குறி பார்க்காமல் போனதுதான் என்று நினைக்கிறேன். அவ்வளவு தாழ்வாக ஏன் அடித்தது என்று மட்டும் விளங்கவில்லை.

மிச்சம் மூன்று தோட்டாவை வெர்னிடம் கொடுத்தனுப்பட்டுமா?

ரோண்டா

---

கிரேட் ஃபால்ஸ்
நவம்பர் 17, 2020

ரோண்டா,

வருத்தமான செய்தி. ஆனால் குறி பார்க்காமல் மலைக்குப் போகக்கூடாது என்பது எனக்கே தெரியும், நான் வேட்டையை விட்டு நாற்பது வருடம் ஆகிறது. அந்த முடிவை எடுத்தது நீ. பழையதைக் கிளறிப் பயனில்லை.

அந்த மூன்றும் உன்னிடமே இருக்கட்டும். சதையைப் பற்றிக் கவலைப்படாதே.

கர்ட்

---

கிரேட் ஃபால்ஸ்
டிசம்பர் 13, 2020

ரோண்டா,

நீ பதில் போடவில்லை. போடாதது நியாயம். சீசன் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. இனி நான் சொல்வதால் உனக்கு எந்தப் பயனும் இல்லை. பயன் இருந்த நாட்களில் நான் சொல்லவில்லை. இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தடவை கிழிக்கமாட்டேன்.

ஈரத்தில் எதுவும் கெடவில்லை. மே மாதம் இடாஹோ எண் பலகை போட்ட வண்டிக்காரன் ஒருவனுக்கு இரண்டு பெட்டியும், தோட்டாவின் அடியில் பொருத்தும் பிரைமர் முழுவதும் விற்றேன். அடுத்தவன் அடைத்த தோட்டாவை எவனும் தன் துப்பாக்கியில் போடமாட்டான் என்பது தொழிலின் முதல் பாடம். அவன் போட்டால் போடட்டும், எனக்கென்ன என்று விற்றேன். முன்னூறு டாலர். அந்தப் பணத்தில் ஒரு நாற்காலி வாங்கினேன். வாசிப்பதற்கு. இதை அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வேறு இடத்தில் உட்கார்ந்து எழுதுவது இன்னொரு பொய்யாகிவிடும் என்று தோன்றியது.

மூன்றாவது பெட்டி முழுதாக இருந்தது. ஐம்பது. அதிலிருந்து ஐந்தை எடுத்து உனக்குக் கொடுத்தனுப்பினேன். நாற்பத்தைந்து இன்றும் கராஜ் அலமாரியில் இருக்கிறது. ஏன் ஐந்து என்று கேட்பாய். ஒன்றும் கொடுக்காவிட்டால் நீ இன்னொருவரிடம் போயிருப்பாய். நிறையக் கொடுத்தால் மறுபடி கேட்கமாட்டாய். ஐந்து கொடுத்தால் இன்னொரு தடவை கேட்பாய் என்று எதிர்பார்த்தேன். ரோண்டா, நீ கேட்பதை நான் விரும்பினேன். உன் முதல் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இது பாதிதான்.

அந்தப் பெட்டியின் மூடியில் உள்பக்கம் அப்பா பென்சிலால் எழுதியிருக்கிறார். அப்படியே தருகிறேன்: "ரோண்டா, தோள் வலிக்குதுன்னு வெடிமருந்தைக் குறைச்சு அடைச்சது. இருநூறு கஜத்துல ஆறு அங்குலம் கீழ அடிக்கும். ஸ்கோப்பைத் திருத்தாம சுடாதே."

கடைசி வருடம் அவருக்குத் துப்பாக்கியின் உதை தாங்கவில்லை போலிருக்கிறது. எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உனக்கும் அவர் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். தனக்குத் தோள் வலி என்று வாயால் சொல்கிற மனிதர் இல்லை அவர். மூடியில் எழுதிவைத்தார். அதை நான் எடுத்துப் போய்விட்டேன்.

ஐந்தை எடுத்தபோது மூடி என் கையில் திறந்திருந்தது. படித்தேன். ஒரு சீட்டில் "ஆறு அங்குலம் கீழே" என்று எழுதிப் பொட்டலத்தில் வைக்க அரை நிமிடம் ஆகும். எழுதவில்லை. அவர் எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. கல்லூரிக்குப் போன நாலு வருடமும் அம்மாதான் எழுதுவாள், கீழே "அப்பாவும் விசாரித்தார்" என்று அவளே போடுவாள். வீட்டுப் பொருட்களில் எனக்கு வந்த அவர் கையெழுத்து அந்த மூடி ஒன்றுதான். அதிலும் உன் பெயர் இருந்தது. அதை உனக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. குறி பார்க்கும்போது அவளே கண்டுபிடித்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டேன்.

பிறகு நீ குறி பார்க்கப் போவதில்லை என்று எழுதினாய். அதற்கு நான் எழுதிய பதிலை எடுத்துப் பார். "அப்பாவின் செல்ல வேட்டைக்காரி" என்று அந்த வரியை எழுதியபோது மூடி என் எதிரில் மேசையில் இருந்தது. அன்று ஒரு ஃபோன் போதும். உன் எண் எனக்கு மனப்பாடம். நாம் பிறந்ததிலிருந்து அதே எண். எடுத்தேன், வைத்துவிட்டேன். எழுதிக் கேள் என்று சொன்னவன் நான், நானே ஃபோன் செய்வதா என்று வைத்தேன்.

அந்தப் பெட்டை மூன்று காலில் மூன்று நாளோ முப்பது நாளோ நடந்தது எதற்காக என்று இப்போது உனக்குத் தெரியும்.

ஒரு காசோலை வைத்திருக்கிறேன். அரை மாடு வாங்கும் அளவுக்கு. இதனால் எதுவும் சரியாகிவிடும் என்று நினைக்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. உனக்குப் பிடிக்காவிட்டால் கிழித்துப்போடு. எனக்குத் தெரியவேண்டாம்.

கர்ட்

---

கிரேன் கிரீக்
டிசம்பர் 29, 2020

கர்ட்,

காசோலையைக் கிழிக்கவேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. நான்கு நாள் அலமாரியில் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் வங்கியில் போட்டுவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அரை மாடு வந்து இறங்கியது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் எல்லாரும் சாப்பிட்டோம்.

உன் கடிதத்தை லைலிடம் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து வெளியே போய், முதுகு வலியோடு, வேண்டாத விறகையெல்லாம் பிளந்தார். உள்ளே வந்து, "அவன் இந்த வீட்டுப் படிய மிதிச்சான்னா நான் மில்லுக் கொட்டாயிலதான் போய்ப் படுப்பேன்," என்றார். மனிதர் சொன்னால் செய்வார்.

அந்த மூடியைத் தபாலில் அனுப்பு. மூடியை அனுப்பத் தடை இல்லை. அதில் என் பெயர் இருக்கிறது.

உன் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எழுத ஆரம்பித்தால் முடிக்கமாட்டேன். ஆகவே ஆரம்பிக்கவில்லை. அந்த வேலிக் கம்பியில் ஒரு கொத்து முடி ஒட்டியிருந்தது. அதை மட்டும் நினைத்துக்கொள். ஆனால் நீ முழுதாகச் சொன்னபின் நான் பாதியோடு நிறுத்தினால் நானும் யோக்கியம் இல்லை. ஆகவே இதைக் கேள்.

உன் கராஜில் பெட்டி இருப்பது எனக்குத் தெரியும். அக்டோபர் பத்தாம் தேதியே தெரியும். பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, கடையில் இருந்தவர்கள் போனபின், வெர்ன் சொன்னான்:

"ஏ ரோண்டா, உங்கண்ணன் அலமாரில பச்சப் பெட்டி ஒண்ணு பாத்தேன். உங்கப்பாவோடதேதான். நெறையா இருந்துச்சு. அவன் தொறந்து எண்ணி எடுத்தத நானே பாத்தேன். இன்னொரு தடவ கேளு. குடுத்துருவான். நீ கேக்கணும்னுதான் நிக்கிறான் அவன், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

வெர்னுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா? நான் நன்றி சொல்லி எழுதிய கடிதம் இருக்கிறதே, அதை எழுதும்போது இது எனக்குத் தெரியும். இன்னொரு பத்து கொடு, குறி பார்க்கவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் இரண்டாம் தடவை கேட்பதைவிடக் குறி பார்க்காமல் மலை ஏறுவது எனக்குச் சுலபமாக இருந்தது. சரளைக் குழியில் துப்பாக்கியை வண்டிக்குள்ளேயே வைத்துவிட்டு நின்றது தோட்டாவை மிச்சம் பிடிக்க என்று உனக்கு எழுதினேன். அது பாதிதான். மிச்சப் பாதி, இன்னும் தோட்டா கேட்டால் நீ சிரிப்பாய் என்பது.

ஆகவே அந்தக் கால் என் கணக்கிலும் இருக்கிறது. லைலுக்கு இது தெரியாமல் இருந்தது. உன் கடிதத்தைப் படித்த கையோடு இதையும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் விறகு பிளக்கப் போனார்.

வெர்னிடமும் போய்ச் சொன்னேன். எனக்கு மான் கிடைக்கவில்லை, காயப்படுத்தித் தொலைத்தேன், சாசேஜ் இல்லை என்று, கடையில் நாலு பேர் இருக்கும்போதே சொன்னேன்.  வெர்ன் எலிப்பொறிகளை அடுக்க ஆரம்பித்தான். 

கிறிஸ்துமஸ் அன்று சாப்பிடும்போது மூத்தவள், "இந்த மாடு யாரு குடுத்தது?" என்று கேட்டாள். மழுப்பிப் பார்த்தேன், விடவில்லை. உன் பங்கு, என் பங்கு இரண்டையும் சொல்லிவிட்டேன். மூத்தவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். சின்னவள் ஷெல்பிக்குப் பதினொரு வயது. அவள் தன் தட்டைக் காலி செய்தாள். பிறகு கேட்டாள்:

"அவர்கிட்ட நெறைய இருந்துதுல்ல?"

"இருந்துது."

"உனக்கு அது தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப ஏம்மா இன்னொரு தடவ கேக்கல?"

நான் எழுந்து தட்டுகளைக் கழுவப் போனேன். நான்கு நாளாக அவள் கேட்டுக்கொண்டேயிருக்கிறாள். குறும்புக்கு இல்லை. உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை.

நீ முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வா. லைல் வீட்டில் இருக்கமாட்டார், மூத்தவள் உன்னோடு பேசமாட்டாள். நான் காபி போட்டு வைக்கிறேன். ஷெல்பி உன்னிடமும் கேட்பாள். அவளுக்கு எதிரில் உட்கார்ந்து நீ என்ன சொல்கிறாய் என்று நானும் கேட்கவேண்டும்.

ரோண்டா